சமையலறைச் சுவரில் போட்ட ஓட்டை

சித்தூர்
14-9-1997

அன்பு மகள் பிளெஸ்ஸிக்கு நைனா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம், மஸ்கட்டில் உனக்கும் ஒரு குறை வராமல் அவர் காக்கட்டும். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், முதலில் லேத் விஷயம்.

வெளிநாட்டுச் சாமான் வந்த பிறகு நம் பம்பை வாங்க ஆள் இல்லை என்று கம்பெனியை மூடினார்கள் அல்லவா, இருபத்தாறு வருஷம் நான் நின்று இரும்பு கடைந்த அதே லேத்தை ஏலத்தில் எடுத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். வெளியே ஷெட் பிடி என்று ஊரே புத்தி சொன்னது, சொன்னவன் எவனும் ஷெட் தரவில்லை, அதனால் உன் அறையிலேயே இறக்கினேன். ஒன்பதடிக்குப் பத்தடி அறையில் ஆறடி லேத்தை உட்கார வைக்க எந்தப் படித்தவனுக்காவது தெரியுமா, வரச் சொல் பார்க்கலாம். வாசல் நிலையைப் பெயர்த்து, தரையைத் தோண்டி, கான்கிரீட் போட்டு, போல்ட் இறக்கி, மட்டம் பார்த்து வைத்தேன், மேலே தண்ணீர் டம்ளர் வைத்து ஓட்டினாலும் சிந்தாது. உன் கட்டிலை அறுத்து அந்த இரும்பில் டூல் ஸ்டாண்டு செய்துகொண்டேன். உன் அலமாரியில் டிரில் பிட்டுகள் இருக்கின்றன. ஆறு வருஷமாக யாரும் படுக்காத கட்டில்தானே, அதற்காக மூஞ்சியைத் தூக்காதே.

திருச்சானூரில் லாட்ஜ் கட்டுகிற நாகபூஷணம் கதவுக் கீல்களுக்கு ஆயிரம் பின் கேட்டார். எட்டடி இரும்பு ராடை அப்படியே லேத்தின் பின்பக்கத் துளை வழியாக விட்டு, முன்னால் வர வர அறுத்தால்தான் வேலை ஓடும், துண்டு துண்டாக வெட்டி மாட்டுவது கற்றுக்குட்டி செய்கிற வேலை. ஆனால் லேத்துக்குப் பின்னால் ஒன்றரை அடியில் சுவர். சுவரில் ஓட்டை போட்டேன். அந்தப் பக்கம் சமையலறை. ராடின் வால் இடுப்பு உயரத்தில் நாலடி உள்ளே நீட்டிக்கொண்டு, மோட்டார் ஓடும்போது அடுப்புக்குப் பக்கத்தில் சுற்றும். உன் அம்மா முதல் நாளே ஆரம்பித்தாள், நான் சமைச்சிக்கினு இருக்கறப்ப இது சுத்திக்கினு இருந்தா நான் எங்க நிக்கறது என்று. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தோம். மோட்டார் போடுமுன் ஸ்பேனரால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவேன், அவள் சரி என்று குரல் கொடுத்த பிறகுதான் ஸ்விட்சைத் தொடுவேன்.

இந்த ஆடியில் நல்ல மழை, துணி காயவில்லை. ராடு சும்மா நிற்கிற நேரத்தில் அவள் அதன்மேல் ஈரப் புடவையைப் போட ஆரம்பித்தாள். நானும் பார்த்தேன், இத்தனை நாள் கழித்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாளே என்று விட்டுவிட்டேன். போன மாதம் இருபதாம் தேதி மத்தியானம் அவள் புடவையை விரித்துக்கொண்டிருக்கும்போது மோட்டார் ஓடியது. புடவை ராடில் சுற்றிக்கொண்டது, அதோடு வலது கையும் போனது. எலும்பு மூன்று இடத்தில் உடைந்தது, நரம்பும் அறுந்தது. இனிமேல் இரண்டு விரல்தான் லேசாக அசையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராடும் வளைந்து, அதைப் பிடிக்கிற சக்கில் ஒரு தாடை விண்டுபோய், எட்டு நாள் எனக்கு வேலை கெட்டது. நீங்க தட்னீங்களா என்று ஆஸ்பத்திரியில் மூன்று தடவை கேட்டாள். தட்டினேன், உனக்குத்தான் காது கேட்கவில்லை என்று மூன்று தடவையும் சொன்னேன். சபையில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னேன். இப்போது அதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? உனக்கு எழுதக் கூடாது என்று அவள் அழுததால்தான் இவ்வளவு தாமதம்.

ஆகவே நீ நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வா. ஆபரேஷன் தியேட்டரில் போட்டிருக்கிறார்கள், இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேட்கிறார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தாய். போடாதே. அடுத்தவன் அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுகிற கைக்குச் சொந்த அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்ட வராதா? இங்கே சமைக்க ஆள் இல்லை, நான் லேத்தில் நிற்பேனா, அடுப்பில் நிற்பேனா? முப்பது வயதாகிறது, இனி உன்னைக் கேட்டு எவனும் வரப்போவதுமில்லை, அங்கே இருந்து என்ன சாதிக்கப் போகிறாய்? படுக்க இடமில்லை என்று சாக்குச் சொல்லாதே, லேத்துக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் இரண்டரை அடி இருக்கிறது, பாய் போடலாம், தலையை மட்டும் மோட்டார் பக்கம் வைக்காதே. வந்த பிறகு நீயும் ராடைப் பார்த்து நடந்துகொள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. புறப்படும் முன் லேத்தில் இரும்பு வெட்ட நல்ல கார்பைடு டிப் ஒரு டப்பா வாங்கிக்கொள், மறந்துவிடப் போகிறாய். அம்மாவுக்கு இப்போது இடக்கையால் பெயர் போட வருகிறது, அதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். போட்டதும் தபால் ஆபீசில் வேலை செய்கிற பக்கத்து வீட்டு உமாபதியிடம் கொடுப்பாள், அவர் ஒட்டி அனுப்பிவிடுவார். நான் லேத்துக்குப் போகிறேன்.

இப்படிக்கு
உன் நைனா
ஞானசிங்

நைனா தட்டவில்லை. நீ வராதே.
அம்மா