காற்றழுத்தம் இறங்கும் வாரம்

ஜூன் 3

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே சுகம். உங்கள் தங்கை தன் முட்டிவலிக்கும் என்னையே குறை சொல்கிறாள், மற்றபடி குறையில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வாயு எப்போது, எவ்வளவு கிளம்பும் என்று முன்கூட்டிக் கணித்துச் சொல்லும் வேலையை உங்கள் மகளுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இப்போது எனக்கே குழி பறிக்கிறாள். அடுத்த வாரம் ஆழத்துத் தளத்தில் வாயு எல்லை மீறுமாம், கரி வெட்டுவதை நிறுத்த வேண்டுமாம். காரணம்? மழை வருகிறதாம்! மேகத்தைப் பார்த்தா ஒரு மேனேஜர் கரி வெட்டுவது? வாயு மீட்டரில் முள் அசையவே இல்லை. அறிக்கையை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள். சுரங்கத்துக்குக் கரி ஏற்றும் பெல்ட் கொடுக்கும் உங்கள் ஒப்பந்தமும் புதுப்பிக்க வேண்டிய நேரம் இது.

உங்கள்
மாப்பிள்ளை

ஜூன் 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சொல்லி என் மகள் கேட்கிறவளாக இருந்தால் இன்று என் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். இருந்தாலும் கேட்டேன்.

"ஏண்டி, மேல பெய்யுற மழைக்கும் பாதாளத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"மழை இல்லப்பா, காத்தழுத்தம். வெட்டி முடிச்ச பழைய குகைகளைச் சுவர் வெச்சு மூடியிருக்காங்க. உள்ள கேஸ் நிறைஞ்சு கிடக்கு. வெளிய அழுத்தம் இறங்கினா சந்துபொந்து வழியா கசிஞ்சு வரும். மாமா வெட்டுற வேகத்துக்குப் புதுக் கரியிலிருந்தும் வரும். ரெண்டும் சேர்ந்தா ஒரு பொறி போதும்."

"மீட்டர் ஒண்ணும் காட்டலையாமே?"

"எப்படிக் காட்டும்? மீட்டர் ஏறினா மெஷின் தானா நின்னுடும்னு, நல்ல காத்து ஊதுற குழாய் வாயிலேயே மாட்டி வெச்சிருக்காங்க. உங்க மாப்பிள்ளையையே கேளுங்க."

கேட்கிறேன், மாப்பிள்ளை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு வெயிலே இல்லை என்று சொல்லலாமா? நானும் மழைக்கு முன்பே தார்ப்பாய் வாங்கி அடுக்குகிறவன்தான். அது ஜோசியம் இல்லை, பிழைப்பு. மீட்டரை, வாயு ஏறிச் சேரும் கூரையோரம் மாற்றி மாட்டுங்கள். பிறகு பேசுவோம்.

அன்புடன்
மச்சான்

ஜூன் 8

மச்சானுக்கு,

மீட்டரை எங்கே மாட்டுவது என்று பெல்ட் விற்கிறவரிடம் பாடம் கேட்கும் நிலையில் நான் இல்லை. உங்கள் மகளை ஸ்டோருக்கு மாற்றிவிட்டேன், பூட்ஸ் எண்ணட்டும். அறிக்கையைத் திரும்பப் பெற்றால் பழைய இடம். இல்லையென்றால் உங்கள் ஒப்பந்தமும் வேறு ஆளுக்கு.

மேலிடம் என் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்த மாதக் கரி குறைந்தால் என் வேலை போகும். என் பிழைப்பில்தான் உங்கள் தங்கையின் பிழைப்பும் இருக்கிறது. வெட்டு நிற்காது.

மாப்பிள்ளை

ஜூன் 9

மாப்பிள்ளைக்கு,

லாரி டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உடனே படியுங்கள்.

உங்கள் கடிதத்தை மகளிடம் காட்டினேன். "பூட்ஸ் எண்ணுறேன்பா. எழுதினதை மாத்த மாட்டேன்" என்றாள். அவள் பிடிவாதத்தால் இத்தனை நாள் பட்டதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

ஒப்பந்தத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். தள்ளுவண்டியில் கயிறு விற்று மேலே வந்தவன் நான். இன்னொரு முறையும் தள்ளத் தெரியும். ஆனால் ஆழத்துக் கரியை மேலே ஏற்றும் பெல்ட் விற்றதில்லை, வாடகைக்கு விட்டது. இன்னும் என் சொத்து. ஆபத்து என்று தெரிந்தால் நிறுத்தி எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு, ஒப்பந்தத்தில் நீங்களே ஒப்புக்கொண்டதுதான். அதனால் இன்று காலை, வெட்டு தொடங்குமுன், சுரங்க வாயிலில் இருந்த பெல்ட் மோட்டாரை என் ஆட்கள் கழற்றிவிட்டார்கள். இனி வெட்டின கரியை யார் தலையில் ஏற்றுவீர்கள்?

கோர்ட்டுக்கு இழுப்பேன் என்று போனில் கத்தினீர்கள், அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. இழுங்கள். நான் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வருகிறேன். அந்த மீட்டரை ஏன் குழாய் வாயில் மாட்டினீர்கள் என்று நீதிபதியும் தெரிந்துகொள்ளட்டும்.

மாற்று மோட்டார் வரும் என்று ஆட்களை இன்னும் கீழேயே உட்கார வைத்திருக்கிறீர்களாம். வராது. ஊரில் அதை விற்கிற அத்தனை பேரிடமும் பேசிவிட்டேன். வெளியே காற்றழுத்தம் இறங்கத் தொடங்கிவிட்டது; வெட்டாவிட்டாலும் பழைய குகை வாயு கசிந்து வரும்.

உங்களுக்கு வேலை போனால் என் வீட்டு மாடி அறை இருக்கிறது. தங்கைக்கும் எழுதிவிட்டேன். எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருங்கள், ஒரு வார்த்தை சொல்லிக்காட்ட மாட்டேன். ஆனால் முதலில் அந்த ஆட்களை மேலே ஏற்றிவிட்டு வாருங்கள்.

மச்சான்