பூ – 1, பூ – 2 என்று எழுதப்பட்ட அட்டைகள் குறித்து

அனுப்புநர்
எட்டாம் வகுப்பு 'இ' பிரிவு மாணவியின் தாய்,
மாடி வீடு, பள்ளியின் பின்பக்கத் தெரு.

பெறுநர்
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: இனப்பெருக்கப் பாடம் நடத்தப்படாதது, பூசணிக் கொடியின் பெயர் அட்டைகள் மாற்றப்பட்டது, அறிவியல் கண்காட்சிப் பட்டியலில் என் மகளின் பெயர் அடிக்கப்பட்டது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவைப் பத்து நாள் முன்பே எழுதியிருக்க வேண்டும். தவறு என் மகள் மீதுதானோ என்ற பயத்தில் அவளுடைய பாடத்தை முதலில் நான் படித்துப் பார்த்தேன். பல் முளைக்கும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பதினான்கு பக்கம் படிக்க ஒரு வாரம் ஆகிவிட்டது. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும்.

2. அறிவியல் புத்தகத்தில் 94 முதல் 107 வரையுள்ள பக்கங்களைச் சேர்த்து மூன்று ஸ்டேப்ளர் பின் அடித்துத்தான் இப்பள்ளியில் பிள்ளைகளுக்குத் தருகிறார்கள். "அத வீட்ல பெத்தவங்களோட படிச்சுக்கங்க" என்பது தலைமை ஆசிரியை அவர்களின் உத்தரவு. பின் அடித்த பக்கத்தை எந்தப் பிள்ளை விட்டுவைக்கும்? வகுப்பே முதலில் படித்து முடித்த பாடம் அதுதான். என் மகள் சாப்பாட்டு மேசையில், தவளைக்குப் புறக் கருவுறுதல், கோழிக்கு அகக் கருவுறுதல் என்று ஆரம்பித்தாள். "சாப்பிட்டு முடிச்சுட்டுத் தவளைக்கு வரலாம்மா" என்று என் கணவர் கெஞ்ச வேண்டியதாயிற்று.

3. பள்ளியின் பின்சுவரில் ஒரு பூசணிக் கொடி படர்ந்திருக்கிறது. நிறையப் பூத்தும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. காரணம், நீளக் காம்புள்ள பூக்களைத் தோட்டக்காரர் தினமும் பறித்துப் போட்டுவந்தார். "காய்க்காத பூ கொடிக்குப் பாரம்தானே" என்பது அவர் கணக்கு. அவை ஆண் பூக்கள் என்றும், மகரந்தம் அவற்றில்தான் இருக்கிறது என்றும் சொன்னவள் என் மகள். பழைய நோட்டு அட்டையை வெட்டி 'ஆண் பூ', 'பெண் பூ', 'சூல்முடி', 'சூலகம்' என்று எழுதிக் கட்டினாள். காலை மணி அடிக்கும் முன் ஓவியத் தூரிகையால் அவளே மகரந்தத்தை எடுத்துத் தடவினாள். நான்கு காய்கள் பிடித்தன. அவற்றில் ஒன்று இப்போது என் கைக்குழந்தையின் தலை அளவு இருக்கிறது.

4. "பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்று தலைமை ஆசிரியை அந்த அட்டைகளை எடுத்துவிட்டு, 'பூ – 1', 'பூ – 2' என்று புதிதாக மாட்டச் செய்தார். சூலகம் என்பது 'பூவின் கீழ்ப்பகுதி' ஆயிற்று. எந்த நம்பரைப் பறிக்கக்கூடாது என்று தோட்டக்காரர் ஆசிரியர் அறைக்கே போய்க் கேட்டிருக்கிறார். அங்கிருந்த ஆறு பேரும் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்களாம். அவராகவே முடிவெடுத்து 'பூ – 2' எல்லாவற்றையும் பறித்துவிட்டார். அத்தனையும் பெண் பூக்கள்.

5. நடு முற்றத்தில் நின்று, "மாமா, நீங்க பறிச்சதுலதான் சூலகம் இருக்கு" என்று என் மகள் உரக்கச் சொன்னது உண்மை. குரலைக் குறைத்திருக்கலாம், அதற்கு நான் வருந்துகிறேன். சொல்லுக்கு வருந்த மாட்டேன். அன்றே 'பூ எப்படிக் காயாகிறது' என்ற அவளுடைய தலைப்பு கண்காட்சிப் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. வேண்டுமானால் எரிமலையின் மாதிரி ஒன்று செய்யலாம் என்றார்கள். எரிமலை ஏற்கெனவே ஐந்து பேர் செய்கிறார்கள்.

6. ஐயா, நான் கல்லூரியில் வணிகவியல் படித்துப் பட்டம் வாங்கியவள். முதல் பிரசவத்தின்போது மருத்துவர் என் உடம்பைப் பற்றியே ஏதோ கேட்டார். எந்த உறுப்பைச் சொல்கிறார் என்று புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு வீட்டுக்கு வந்து, எதற்குச் சரி சொன்னோமோ என்று பல நாள் பயந்துகொண்டிருந்தேன். என் பயங்களில் எதையாவது பிள்ளைக்குக் கொடுக்காமல் இருக்கலாம் என்றால், முதலில் இதைத்தான் நிறுத்த நினைக்கிறேன்.

7. ஆகவே, பாடத்தை வகுப்பறையிலேயே நடத்தவும், அட்டைகளில் உரிய பெயர்களை மீண்டும் எழுதவும் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். அறிவியல் ஆசிரியை நன்றாக நடத்துவார்; அனுமதி மட்டும்தான் அவருக்குத் தேவை. கண்காட்சிப் பட்டியல் வரும் புதன்கிழமை தங்கள் மேசைக்கு வரும். அதில் ஏழாவது வரியில் ஒரு கோடு இழுத்திருக்கும். அந்தக் கோட்டை ரத்து செய்து, என் மகளுக்கு ஒரு மேசை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் பார்வையிட வந்தால், சூலகம் எது என்று தொட்டுக் காட்டச் சொல்வாள். அவள் அப்பாவே இரண்டு முறை தவறாகக் காட்டினார். திட்டவில்லை, மூன்றாவது வாய்ப்பும் கொடுத்தாள். தயங்காமல் வரவும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
மாணவியின் தாய்

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: பள்ளியின் பின்பக்கத் தெரு

இணைப்பு: மாற்றப்பட்ட அட்டை ஒன்று, பூசணிக்காயின் புகைப்படம் (பக்கத்தில் இருப்பது என் கைக்குழந்தை).