கல்லறையில் எடுத்த வாள்

மார்ச் 3, திங்கள்
வாள் கிடைத்துவிட்டது! குர்லாவில் அடுத்த ரயிலுக்கு நின்ற நேரத்தில் போனில் ஒரு கல்லறையை உடைத்தேன். இந்தச் சீன கேமில் ஒரு வருடம் உள்ளே வராதவரின் உருவத்துக்குக் கல்லறை எழும்பிவிடும். உடைத்தவரின் ஐடியில் சாபக்குறி விழும். விழட்டும், அதற்குத்தானே டுப்ளிகேட் ஐடி. யாருடைய கல்லறை என்று கல்வெட்டு வந்தது, வழக்கம்போல் படிக்காமல் ஸ்கிப். வாளை உருக்கி மெயின் ஐடியில் சக்தியாக ஏற்றிவிட்டேன்.

மார்ச் 4
காலையிலேயே எதிர்வீட்டு இசக்கிப்பாண்டி. தோல்பை தைக்கிறவன், போனும் கையுமாக வந்து நின்றான். “ஏட்டி ராணி, கேம்ல எங்கண்ணன் கல்லறைய எவனோ உடைச்சுட்டான்.”
அவன் அண்ணன் மாரிக்கண்ணன் போன வருடம் ஜனவரியில் காமாலையில் போனவர். தினமும் தையல் மெஷினில் உட்காருமுன் கேமில் அந்தக் கல்லறைக்கு விளக்கு ஏற்றுவானாம். “வீட்ல சொன்னா சிரிப்பாவ. நீயும் ஆடுறவதான, எவன்னு நீதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்.”
போனில் காட்டினான். அதே கல்லறை.
தலையாட்டினேன். ஐயோ, தலையாட்டிட்டேனே.

மார்ச் 6
விதிகளை இப்போதுதான் படிக்கிறேன். எடுத்ததைத் திருப்பி வைக்காவிட்டால் ஏழாம் நாள் கல்லறை இடிந்து, உருவம், பெயர் எல்லாம் அழிந்துபோகும். வாள் ஏது? அதற்குப் பதிலாக மெயின் ஐடியின் மொத்தச் சக்தியையும் கொடுக்கலாம். என் மூன்று வருட உழைப்பு.
சொல்லாமலே இருந்துவிட்டால்? அவனுக்கு எப்படித் தெரியும்?
ச்சீ.

மார்ச் 7
அவனோடு உட்கார்ந்து திருடனைத் தேடினேன். வடாபாவ் வாங்கித் தந்தான். தின்றேன். தொண்டையில் நல்லாவே இறங்கிச்சு, அதான் கேவலம்.

மார்ச் 8
பட்டறைக்கே போய்ச் சொல்லிவிட்டேன். மெஷினை நிறுத்தினான்.
“நேத்து எங்கூட உக்காந்து தேடுனியேட்டி.”
அவ்வளவுதான். மறுபடி மெஷினை ஓட்டினான்.

மார்ச் 9, ஞாயிறு
சக்தி முழுவதையும் கொடுத்துவிட்டேன். மெயின் ஐடி 412ஆம் படியிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிட்டது. அழுதேன், பொய் சொல்வானேன். கல்லறை நிற்கிறது. கல்லில் திருடி என்று என் பெயரும் இருக்கிறது. ஒரு விளக்கு ஏற்றினேன். பிறர் ஏற்றும் விளக்கைக் கல்லறையைப் பராமரிப்பவர் அணைக்கலாம். பத்தே நிமிடத்தில் அணைத்தான்.

மார்ச் 10
ஏற்றினேன். அணைத்தான்.

மார்ச் 15
அணைத்தான். சயான் ஸ்டேஷனில் எதிரே வந்தவன் போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான்.

மார்ச் 29, சனி
காலையில் ஏற்றினேன். செம்பூர் ஆபீஸில் மதியம் பார்த்தபோது என் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் இன்னும் வரவில்லை போல என்று நினைத்தேன். பக்கத்தில் அவன் விளக்கும் இருந்தது.