சுவரில் சீன நேரம்

செவ்வாய்க்கிழமை இரவு, தாராவி.

தோல் பை தைக்கும் எங்கள் பட்டறைச் சுவரில் இருக்கும் கடிகாரம் இத்தனை வருஷமும் அமெரிக்க நேரத்தைத்தான் காட்டியது. அங்கே விடிந்த பிறகு போன் வரும் என்று தினமும் ராத்திரி வரை காத்துக் கிடந்தோம். அங்கே எங்கள் பைகளுக்கு இறக்குமதி வரியை ஏற்றினார்கள், ஆர்டர் நின்றுபோனது. இன்று முதலாளி என்னை ஸ்டூலில் ஏற்றி, கடிகாரத்தைச் சீன நேரத்துக்குத் திருப்பச் சொன்னார்.

“இனிமே உலகம் ஆசியா கையிலதாம்டே. ஆர்டர் இனி சீனாக்காரன்தான் தருவான், அவன் நமக்கு முந்தி முழிச்சிருவான். காலைல ஆறு மணிக்கெல்லாம் வந்துரு.”

“அப்ப ராத்திரி சீக்கிரம் போலாமா, அண்ணாச்சி?”

“அமெரிக்காக்காரன் திரும்பி வந்துட்டான்னா?”

ஸ்டூலிலிருந்து கீழே இறங்கினேன்.

ஐந்து மணிக்கு அலாரம் வைத்தாயிற்று. பாழாய்ப்போன தூக்கம் மட்டும் இன்னும் அமெரிக்க நேரத்திலேயே இருக்கிறது.