ஊருணிக் கரையில் எடுத்த படம்

மார்ச் 24, 1957

இன்றும் மான் படத்தில் சரியாக விழவில்லை. செல்லமுத்து தன் ஸ்டூடியோவில் படத்தைக் கழுவிக் கையில் கொடுத்துவிட்டு, "ஒரே மானுக்கு நாலு கொம்பு இருக்கும்மா, எந்த ரெண்டை வச்சுக்க?" என்றார். மான் தலையை ஆட்டினால் நான் என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமையானால் திருச்சியிலிருந்து கார்கள் வந்துவிடுகின்றன. சமஸ்தானக் காலத்தில் வேட்டைக்கென்று ஒதுக்கியிருந்த காடு. இப்போது டிபன் காரியருடன் வந்து மான் பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் காட்டு இலாகா ரேஞ்சர் என்பதால் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நம் வீட்டில்தான் மோர். பி.ஏ. படித்தது மோர் கரைக்கவா என்று எப்போதாவது தோன்றும். காமிரா வந்த பிறகு அடிக்கடி தோன்றுவதில்லை.

ஏப்ரல் 2

கை இன்னும் புகை நாற்றம் அடிக்கிறது. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கோடைக்கு முன் காட்டுக்குள் ஃபயர் லைன் என்று அகலமாக ஒரு பட்டை விட்டு, அதிலுள்ள காய்ந்த புல்லை இலாகாவே எரித்துவிடும். பிறகு எங்காவது தீப் பிடித்தால் அதைத் தாண்டாது. மாசியில் முடித்திருக்க வேண்டிய வேலை. ஃபாரஸ்ட் கார்டுகளை எலெக்‌ஷனுக்கு இழுத்துக்கொண்டதால் தள்ளிப்போய், இன்று காலைதான் கார்டு பெரியண்ணனும் மற்றவர்களும் எரிக்கப் போனார்கள்.

இன்றுதான் காட்டோரத்து மாரியம்மனுக்குத் திருவிழா. ஊருணிக் கரையில் தீச்சட்டி எடுப்பதைப் படம் எடுக்கப் போனேன். விறகு கொண்டுவரும் இருளாயிக்கு இந்த வருஷம் நேர்த்திக்கடன். அவள் சட்டியைக் கையில் வாங்கும்போது, கொஞ்சம் நில் என்றேன். "சட்டி கையில ஏறிருச்சுன்னா ஆத்தா சொன்னாத்தான் நிப்பேன். நீங்க சொன்னா நிக்க மாட்டேம்மா" என்றாள். நல்லவேளை, ஏறும் நொடியில் அழுத்திவிட்டேன். அப்போதே அவளுக்கு இடப்பக்கம், காட்டின் நடுவிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. பட்டையைத்தான் எரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

காற்று திரும்பிவிட்டது. மதியத்துக்குள் மேற்குப் பக்கம் முழுக்கப் போயிற்று. ஊரே தழையும் குடமுமாக ஓடியது. அவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

ஏப்ரல் 3

தீ அடங்கியது. மயில்கள் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருக்கின்றன.

ஏப்ரல் 5

படம் விழுந்திருக்கிறது. இருளாயியின் கைகள், சட்டி, வேப்பிலை, பின்னால் புகை — ஒன்றும் ஆடவில்லை. பத்திரிகை நிருபர் ஸ்டூடியோவில் பார்த்துவிட்டுக் கேட்டாராம். கொடுக்கச் சொன்னேன். என் படம் அச்சில் வரும் என்ற சந்தோஷம்தான். வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஏப்ரல் 9

வந்துவிட்டது. இடப்பாதியை வெட்டிவிட்டார்கள். புகை இல்லை, இருளாயியும் சட்டியும் மட்டும். கீழே: "பக்தையின் தீச்சட்டியிலிருந்து நெருப்பு சிந்தியதால் காடு சாம்பல்."

சிந்தியதாக யார் சொன்னது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நான்தான். ரிப்போர்ட்டுலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"ஏன்?"

"நம்ம ஆளுக வச்ச தீதான் தாண்டுச்சுன்னு எழுதவா? ரிட்டயராக மூணு வருஷம் இருக்கு. அவளுக்கு என்ன, சின்ன அபராதம். நானே கட்டிடுறேன்."

கெட்ட மனிதர் இல்லை அவர். தீயில் புருவம் கருகியிருக்கிறது. களிம்பு தடவிவிட்டேன்.

ஏப்ரல் 13

இருளாயி கொல்லைப்பக்கம் வந்தாள். விறகு இல்லாமல்.

"அபராதம் எம்புட்டுன்னாலும் கட்டிப்புடுறேம்மா. சட்டி சிந்துச்சுன்னு மட்டும் எழுத வேணாம்னு ஐயாகிட்ட சொல்லுங்க."

ஒரு வார்த்தைதானே இருளாயி என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"வார்த்தையா? சிந்துனா ஆத்தா ஏத்துக்கலைன்னுல்லம்மா அர்த்தம். நான் யாருக்காக எடுத்தேன்?"

மகள் செவந்திக்காக. இரண்டு தடவை கலைந்து, இப்போது ஐந்தாம் மாதம். பேப்பரை யாரோ படித்துக் காட்ட, மாமியார் அவளைக் கொண்டுவந்து விட்டுப் போய்விட்டாளாம். "'ஆத்தாளே வேணாம்னு தள்ளுனதை நாங்க வச்சு என்ன பண்ண'ன்னு கேக்குறா. ஊருல என்னைய இனிமே சட்டி தொட விடமாட்டாங்க. நீங்கதான் முன்னால நின்னு பாத்தீங்க. ஒரு பொறி விழுந்துச்சா? சொல்லுங்க."

விழவில்லை என்றேன்.

"அதை எங்கிட்டச் சொல்லி?"

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி செய்தேன். நன்றாக இருக்கிறது என்றுகூட அவர் சொல்லவில்லை.

ஏப்ரல் 16

செல்லமுத்துவிடம் வெட்டாத படத்தைப் பெரிதாகப் போட்டு வாங்கினேன். மேலதிகாரி டி.எஃப்.ஓ. திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறார். அவருக்கே தபாலில் அனுப்பிவிட்டால் என்ன என்று பஸ்ஸில் யோசித்தேன். மனம் வரவில்லை. வீட்டுக்காரர் மேஜையிலேயே வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். சட்டி கைக்கு வருவதும் புகையும் ஒரே படத்தில் இருக்கின்றன; விளக்க வேண்டியதில்லை.

"யாருக்கெல்லாம் காட்டுனே?"

"உங்களுக்குத்தான்."

"காட்டாம இருப்பியா?"

"இருளாயி கேட்டா குடுப்பேன்."

"அவ கேட்டா குடுப்பே. நான் வேணாம்னு கேட்டா?"

சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்த வீடு பழையபடி ஆகியிருக்கும். வாயில வரலை. வராததற்கு நான் என்ன பண்ண? அவர் வேலை போனால் சாப்பாடு எங்கிருந்து வரும், அதையும் நினைத்தேன். நினைத்தும் வரவில்லை.

படத்தைத் திருப்பித் தரவில்லை. கிழித்தாலும் கிழிக்கலாம். நெகட்டிவ் என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும். கேட்கவில்லை.

ஏப்ரல் 22

ஆபீஸ் வாசல் வேம்படியில் விசாரணை. நான் ஜன்னலுக்கு உள்ளே நின்றேன். பெரியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டி.எஃப்.ஓ. இருளாயியைக் கேட்பதற்கு முன் வீட்டுக்காரர் எழுந்து, சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தார்.

"எங்க ஃபயர் லைன்லேருந்து தாண்டின தீ சார். இதுல பாருங்க, சட்டி அப்பத்தான் கைக்கு வருது."

"உங்க ரிப்போர்ட்ல வேற மாதிரி இருக்கே, ஆத்மநாதன்?"

"அது தப்பு சார். நான் எழுதுனதுதான்."

இருளாயி விடவில்லை. "இங்கிட்டுச் சொன்னா ஊருக்கு எப்படி கேக்கும்? கோயில்ல வந்து சொல்லச் சொல்லுங்கய்யா" என்றாள். பெரியண்ணன் அவளை அதட்டினான். இவர் அவனைக் கையமர்த்தினார்.

சாயங்காலம் கோயில் வாசலுக்குப் போய்ப் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தார். நான் கூடப் போகவில்லை. கூப்பிடவும் இல்லை. வந்து கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மே 11

மாற்றல் உத்தரவு. கட்டுமாவடி. கடற்கரை மணலில் சவுக்கு வைக்கும் வேலை. பதவியும் ஒரு படி கீழே.

ஜூலை 18, கட்டுமாவடி

உப்புக்காற்றில் காமிராவின் தோல் மடிப்பு பிசுபிசுக்கிறது. இரண்டு மாதமாக எடுக்கவே இல்லை. வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு.

பெரியண்ணன் ஒரு மூட்டை மாங்காயோடு பார்க்க வந்திருந்தான். செவந்திக்கு வளைகாப்பாம், மாமியாரே வளையல் வாங்கிக்கொண்டு வந்தாளாம். இவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எத்தனாவது மாசம்?" என்றார். எட்டு என்றான்.

அவன் புறப்படும்போது இவர் என்னிடம் வந்து, "சவுக்கு நாத்தைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பணும். ஃபிலிம் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். பெரியண்ணனிடம் காசு கொடுத்து, செல்லமுத்துவிடம் இரண்டு ரோல் வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னார்.

ஒன்று போதுமே என்றேன்.

"நாத்துக்கு ஒண்ணு போதும். இன்னொண்ணுல நீ எதையாச்சும் எடு."