நாற்றுப்பண்ணைக்கு ஆள் தேவை

ஜூலை 6, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலையாகப் பால்காரருக்கு போன் செய்து ஒரு வாரம் பால் வேண்டாம் என்றேன். "ஒரு வாரந்தானேம்மா?" என்றார். ஒரு வாரம்தான் என்று நான் சொன்னதும், பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கம்பெனி வேலையை விட்டதிலிருந்து இவர் காடு வளர்ப்பு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறார். அழிந்துபோன மலைக்காட்டைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடும் ஒரு சின்னக் குழு. அவர்களுடைய நாற்றுப்பண்ணையை அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையாம். ஒரு வாரம் தொண்டர்களாக வந்து வேலை செய்து பாருங்கள், கிளம்பும் முன் முடிவைச் சொல்லுங்கள் என்றிருக்கிறார்கள். இவர் முடிவு செய்தாயிற்று. பாக்கி இருப்பது நான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிப்பவள், மலையில் போய் என்ன செய்வேன்? வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். இவர் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

ஜூலை 7

பெண்களுக்கு ஒரு நீள அறை, ஆண்களுக்கு ஒன்று. என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பல் டாக்டர். "வேர் சிகிச்சைன்னா நம்ம டிபார்ட்மென்ட்" என்று பார்க்கிற எல்லாரிடமும் சொல்கிறாள். எல்லாரும் சிரித்து வைக்கிறோம்.

முளைத்த நாற்றைத் தட்டிலிருந்து எடுத்துப் பைக்கு மாற்றும் வேலை. வேர் நூல் மாதிரி இருக்கிறது. தண்டைத் தொடக் கூடாது; இலையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். ஒரு கட்டத்தில் நிமிர்ந்தால் பின்னால் குழுத் தலைவி நிற்கிறார். எல்லாரும் அவரை அக்கா என்கிறார்கள். என்னைவிடச் சின்னவர்தான்.

"இந்தக் கை எங்க பழகுச்சு உங்களுக்கு?"

லேபில் என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். சாப்பாட்டு மணி அடித்ததே எனக்குக் கேட்கவில்லை. இதில் என்ன இருக்கிறது? ஏன் இதைப் போய் எழுதுகிறேன்?

ஜூலை 8

மரம் நட வந்த இடத்தில் மரத்தைக் கொல்லச் சொல்கிறார்கள்.

எங்கிருந்தோ கொண்டுவந்து யாரோ கட்டைக்காக நட்ட மரங்கள். இந்த மலைக்குரிய எதையும் வளர விடுவதில்லையாம். ஒரேயடியாக வெட்டினால் வெயில் இறங்கி, கீழே இருக்கும் கன்றுகள் கருகிவிடும். அதனால் அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட வேண்டும். மரம் எதுவும் நடக்காதது போலப் பச்சையாகவே நின்று, மெல்ல மெல்லச் சாகும். அதற்குள் அதன் நிழலில் கன்று தலையெடுத்துவிடும்.

இவரால் முடியவில்லை. கத்தியோடு அப்படியே நின்றார்.

"என்ன சார், மரத்துக்கிட்ட பர்மிஷன் கேக்குறீங்களா?" என்றாள் பல் டாக்டர்.

"உயிருங்க அது" என்றார்.

எனக்கு அவர்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் என் கை அதுபாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தது. அவர் பங்கையும் நானே உரித்தேன். சுத்தமாக, பிசிறில்லாமல் வந்தது. நான் கல்நெஞ்சக்காரியா?

ஜூலை 9

மழை. சாக்ஸ் காயவில்லை. இவர் சாப்பிட மட்டும் அறையை விட்டு வெளியே வந்தார்.

ஜூலை 10

இன்று நடவு. நேற்றைக்கும் சேர்த்து இவர் நட்ட வேகத்தைப் பார்த்து எல்லாரும் அசந்துபோனோம். மதியம் அக்கா வந்து, இவர் நட்ட கன்று ஒன்றைத் தோண்டி எடுத்துக் காட்டினார். குழி ஆழம் போதாமல் வேர் மடிந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"கொஞ்ச வருஷம் நல்லாத்தான் சார் வளரும். அப்புறம் ஒரு காத்து அடிச்சா சாஞ்சிடும்."

அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சரிவு முழுக்கப் பிடுங்கித் திரும்ப நட வேண்டியதாயிற்று. இவர் முதுகு பிடித்துக்கொண்டது என்று அறைக்குப் போய்விட்டார். நான் நட்டேன்.

சாயங்காலம் இவர், "நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நான் பாக்கலீங்க."

பார்த்தேன். காலையிலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு என் குழியைத் தோண்டிக்கொண்டிருந்தேன். ஏன்?

ஜூலை 11

டீ டம்ளரோடு இவரே தேடி வந்தார்.

"சரி, நீ ஜெயிச்சிட்ட. இதெல்லாம் நமக்கு ஒத்து வராது. வரலைன்னு அக்காகிட்ட நானே சொல்லிடுறேன். இப்ப சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்" என்றேன்.

எங்கே சந்தோஷம்? கிளம்பும்போது நான் வேண்டிக்கொண்டது இதுதானே? அப்புறம் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு எதுக்குடி அழுற?

தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் சிக்னல் கிடைக்கிறது. அங்கே நின்று மகளுக்கு போன் செய்தேன். "அப்பா அவுட்டா? எனக்கு அப்பவே தெரியும். நீ தப்பிச்சம்மா!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"ஏம்மா ஒரு மாதிரி பேசுற?"

டவர் இல்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 12

பண்ணையில் அக்காவும் நானும் மட்டும். பையில் மண் நிரப்பிக்கொண்டே, யாருக்காகவோ கேட்பதுபோலக் கேட்டேன்: "இங்க தனியா ஒரு ஆள் இருந்தா போதுமாக்கா?"

"தாராளமா. யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"கேட்டுப் பாக்கணும்" என்றேன்.

யாரைக் கேட்க?

மலைமேல்தான் ஆசையா? இல்லை, இவர் இல்லாத ஒரு அறையின் மேல் ஆசையா? நல்ல மனுஷன். குடியில்லை, கைநீட்டியதில்லை, எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பார். குறை சொல்ல ஏதாவது இருந்தால் இவ்வளவு குழப்பமே இல்லை. இவருடைய ஆசையை நான் திருடிக்கொண்ட மாதிரி இருக்கிறது. இவர் வேண்டாம் என்று கீழே போட்டதைத்தானே எடுக்கிறேன்? அப்படியும் திருட்டு மாதிரிதான் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

வேனில் எழுதுகிறேன். வளைவுக்கு வளைவு எழுத்து ஓடுகிறது.

ஏறியதும் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். பழைய கலகலப்பு திரும்பிவிட்டது. "மாடியில நாலு தொட்டி வெச்சா அதுவும் காடுதான். இவளுக்கும் அதுதான் வசதி" என்று பல் டாக்டரிடம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். நாளைக் காலை கொடுத்துவிடுவேன். ஆகஸ்ட் முடிவதற்குள் மேலே வந்துவிடுவேன், தனியாக. இவர் வந்து பார்க்கட்டும், நானும் போய்வருவேன். இது பிரிவதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை. தெரிந்த பிறகுதான் கிளம்புவேன் என்றால் இந்த ஜன்மத்தில் நடக்காது. மகளிடம் சொல்லவில்லை. அக்காவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

பேசிக்கொண்டே வந்தவர் தூங்கிவிட்டார். தலை என் தோளில் சாய்ந்திருக்கிறது. எழுதும் கை அசையும்போதெல்லாம் அதுவும் அசைகிறது. போதும், மூடி வைக்கிறேன். ஊர் வரும்வரை தூங்கட்டும்.