சாப்பிட்டார் என்று எழுதியவளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமென்று நீயே எழுதினால் இனி நம்புவதாக இல்லை, பக்கத்து அறைக்காரியிடம் எழுதி வாங்கி அனுப்பு. தையல் மெஷின் ஊசி விரலில் ஏறிவிட்டதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை வாலு எழுதிப் போனில் படமெடுத்து அனுப்புகிறாள், வசவு என்னுடையது, கோழிக் கிறுக்கல் அவளுடையது.

நீ போனில் அழுததை அப்பாவிடம் சொன்னேன். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள் நாலு வரி ஸ்பானிஷ் எழுதப் பயந்து நேற்றைய அறிக்கையையே இன்றைக்கும் காப்பியடிப்பாளா என்றார், பள்ளிக்கூடத்திலேயே அவள் அப்படித்தானே என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். சர்க்கரை நோய்க்காரக் கிழவர் மதியம் தட்டைத் தொடவே இல்லை, நீ மகராசி சாப்பிட்டார் என்று எழுதிவைத்தாய், அதை நம்பி நர்ஸ் இன்சுலின் ஊசி போட்டாள், சாயங்காலம் மனுஷன் மயங்கி விழுந்தார். பிழைத்தது அவர் ஆயுசு கெட்டி, உன் கெட்டிக்காரத்தனம் இல்லை. திங்கட்கிழமை மேற்பார்வை அம்மாள் முன்னால் உட்கார்ந்து நீயாக எழுதிக் காட்டாவிட்டால் வேலை போய்விடுமாம். போகட்டுமே என்றுதான் முதலில் தோன்றியது.

அப்படி என்ன மலையைப் புரட்டச் சொன்னார்கள்? உன் பழைய புத்தகத்தை வாலு படித்துக் காட்டினாள். அதெல்லாம் ஒழுங்கான வினைச்சொற்களாம், உன்னைப் போல இல்லை. கடைசி இரண்டு எழுத்தை வெட்டு, ஆளுக்கேற்ற வாலை ஒட்டு, முடிந்தது இறந்தகாலம். கொமேர் என்றால் சாப்பிட, நான் சாப்பிட்டேன் என்றால் கொமி, அவர் சாப்பிட்டார் என்றால் கொமியோ, சாப்பிடவில்லை என்றால் முன்னால் ஒரு நோ. ஆர் என்று முடிந்தால் ஒரு அளவு, எர், இர் இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு அளவு. பாவாடைக்கு விளிம்பு அடிப்பது இதைவிடக் கஷ்டம். சாப்பிட்டேன், சாப்பிட்டாய் என்று இரண்டு வயதிலேயே வால் மாற்றினவளுக்கு இருபத்தாறில் என்ன வந்தது? உனக்கு வராதது ஸ்பானிஷ் இல்லையடி, தட்டை எட்டிப் பார்க்கிற புத்தி.

ஞாயிறு வரை தினமும் நீ கண்ணால் பார்த்ததைப் பத்து வரி எழுதி அனுப்பு. தப்பாக எழுது, பரவாயில்லை, பொய்யாக எழுதாதே. கிழவரிடம் மன்னிப்புக் கேள். குளிருக்குக் காதை மூடிக்கொள். நன்றாக இரு. நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறேன், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற பாவத்துக்கு,
அம்மா

பி.கு. அக்கா, கடைசி வரியை அம்மா சொன்னபடியே எழுதிவிட்டேன். ஆனால் நான் தட்டை எட்டிப் பார்த்தேன். உன் போன் வந்து மூன்று நாளாகிறது, மூன்று மதியமும் சோறு அப்படியே இருந்தது. நோ கொமியோ.
வாலு